ஆண்கள் மிகுந்த தோட்டத்தில் ஆட்டத்துக்கு யார் ஜோடி?

1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 480 பெண்களே இருந்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு 400ஐ ஒட்டித்தான். இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் ரப்பர் தோட்டங்களை நம்பி வாழ்ந்தவர்கள். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் என நீளும் தென்கெடாத் தோட்டங்களில் வேலை முடிந்து தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து வாசலில் கூடியவர்களை எண்ணினால் மூவரில் இருவர் ஆண்களாக இருந்திருப்பார்கள். இவ்வளவு ஏறுமாறான கணக்கோடு வாழ்ந்த மக்கள் எப்படி ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள் என்ற கேள்வி, கூலி, கள், நோய், வேலைநிறுத்தம் என்று எழுதப்படும் தோட்டத்து வரலாற்றின் ஓரத்தில் கிடக்கிறது. அதை நடுவே கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறேன். யார் கையை யார் பிடிக்கலாம், ஊரார் முன்னால் யார் உடலை அசைக்கலாம் என்பதை ஆட்டக்களம் அளவுக்கு வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறில்லை.

உலகத்தில் இந்தக் கேள்வியை டாங்கோ ஆடுகிறவர்கள் விடாமல் கேட்டு வந்திருக்கிறார்கள். டாங்கோ வளர்ந்த புவெனஸ் அயர்ஸ், கப்பலில் வந்திறங்கிய ஆண்களின் நகரம். 1914 கணக்கெடுப்பில் அந்நகரவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியரும் ஸ்பானியரும் மிகுதி. வந்தவர்களில் ஆண்களே அதிகம். அங்கே பயிற்சிக் கூடங்களில் ஆணோடு ஆண் ஆடித்தான் கற்றார்கள். புதிதாக வந்தவன் முதலில் உடன்செல்பவனாக, அதாவது வழக்கப்படி பெண்ணுக்குரிய இடத்தில் நின்று ஆடிப் பழகுவான். அதன்பிறகே நடத்துபவனாக மாறுவான். இன்று பல நாட்டு டாங்கோக் கூடங்களில் கணக்குத் தலைகீழாகிவிட்டது. பெண்கள் அதிகம், மூன்று நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு சுற்று முடிந்து மறு சுற்றும் முடியும்வரை, கண்ணசைத்து அழைக்க ஆளில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணையும் பெண்ணையும் சம எண்ணிக்கையில் மட்டும் பதிவுசெய்துகொள்ளும் டாங்கோ விழாக்கள்கூட உண்டு.

ஜோடிப் பஞ்சம் தலைக்கணக்கால் மட்டும் வருவதில்லை. ஆட்டத்தின் விதியும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறது. இதற்குக் கெடாவின் தோட்டங்களைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அங்கே ஒரே தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார், தமிழ்த் தொழிலாளர் என இரண்டு சமூகங்கள் வாழ்ந்தன. இரண்டிலும் ஆண்கள் மிகுதி. ஒன்று ஆட்டத்துக்கு ஜோடி கிடைக்காமல் தவித்தது. மற்றொன்றுக்கு அந்தத் தவிப்பே எழவில்லை.

முதலில், ஆண்கள் எப்படி இவ்வளவு மிகுந்தார்கள்? 1909இல் பிரிட்டன் சயாமுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தது. அடுத்த ஆண்டே ரப்பர் விலை உச்சத்துக்குப் போக, தென்கெடாவின் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலிமுறை அதே சமயத்தில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஆள் சேர்க்கும் வேலை கங்காணிகளின் கைக்குப் போனது. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்ததால், பழைய முறையைவிடக் குடும்பங்கள் கூடுதலாக வந்தன. ஆனாலும் ஊருக்குத் திரும்புவோம் என்ற எண்ணத்தில் மனைவியை விட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறியவர்களே மிகுதி. பினாங்கில் இறங்கி, ஜெர்ஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்து, பிறையிலிருந்து உள்ளே போனவர்களின் கணக்கு அப்படித்தான் இருந்தது. பிஜிக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகளை அனுப்பியபோது நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் வேண்டும் என்று ஒரு விதியாவது இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் விதிகளும் துணையின்றிப் போகும் ஆண்களின் பங்கைக் கட்டுப்படுத்த முயன்றன. மலாயாவில் அவை கணக்கை நேராக்கவில்லை என்பதற்கு 1931இன் எண்ணிக்கையே சாட்சி.

இனித் துரைமார் பக்கம். கெடாத் தோட்டத்துக்கு வந்த இளம் வெள்ளைக்காரச் சின்னத்துரைகள் பெரும்பாலும் மணமாகாதவர்கள். முதல் ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அல்லது சம்பளம் ஒரு நிலைக்கு உயரும்வரை மணமுடிக்கக் கூடாது என்று பல கம்பெனிகள் நிபந்தனை போட்டிருந்தன. வார இறுதியில் அவர்கள் கூடிய கிளப்பில் கிராமபோன் இசைக்கு வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஆடினார்கள். இவை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அணைத்துக்கொண்டு ஆடும் ஆட்டங்கள். வேறு எந்தச் சேர்க்கையையும் அந்தச் சமூகம் ஏற்காது. பெரிய துரைகளின் மனைவியர் சிலர் மட்டும் இருக்கும் கூடத்தில் மிச்சமிருந்த ஆண்கள் என்ன செய்வார்கள்? மதுக்கடை மேசையில் சாய்ந்து நிற்பார்கள். இருக்கும் பெண்களோ ஓய்வின்றி ஒருவர் மாற்றி ஒருவரோடு ஆட வேண்டியிருக்கும். நிறவெறியின் எல்லைக்கோடு வேறு குறுக்கே நின்றது. கூடத்துக்கு வெளியே சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் வாழ்ந்த ஊரில், கூடத்துக்குள் பெண்களே இல்லை என்ற நிலை அப்படித்தான் உருவானது.

இந்தத் தட்டுப்பாட்டுக்கு உலகெங்கும் சந்தை கண்ட விடை, ஜோடியை விலைக்குத் தருவது. சிகாகோவில் பத்து சென்ட் சீட்டுக்கு ஒரு பாட்டு ஆடும் பெண்களைப் பற்றிப் பால் கிரெஸ்ஸி 1932இல் நூல் எழுதினார். அந்தச் சீட்டின் பாதிப் பணம் ஆடும் பெண்ணுக்கு, பாதி கூடத்துக்காரருக்கு. வாடிக்கையாளர்களில் கணிசமானோர் பிலிப்பீன்ஸிலிருந்து தனியாக வந்த ஆண்கள். தங்கள் இனத்துப் பெண்கள் மிகக் குறைவாக இருந்த நாட்டில் உழைத்த அவர்களின் நிலையை நம் தோட்டத்து ஆண்களின் நிலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1923இல் திறந்த நியூ வேர்ல்ட், பிறகு வந்த கிரேட் வேர்ல்ட் ஆகிய கேளிக்கைப் பூங்காக்களில் இதே சீட்டு முறை நடந்தது. பினாங்கிலும் அத்தகைய பூங்காக்கள் எழுந்தன. கடலைத் தாண்டினால் கெடாக்காரர்களுக்கு எட்டும் தூரம்தான்.

தூரம் எட்டியது, கூலி எட்டவில்லை. 1920களின் பிற்பகுதியில் சில மாவட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. அந்தப் பூங்காக்களின் காபரே நடனக்கூடம் தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார்க்கும் கடைக்காரர்களுக்கும் துரைகளுக்கும் உரியதாகவே இருந்தது.

சந்தை கண்ட விடை மேற்கிலிருந்து மட்டும் வந்ததென்று எண்ண வேண்டாம். மலாய் நாட்டின் ரோங்கெங், ஜோகெட் ஆட்டங்களில் தொழில்முறை ஆடற்பெண்கள் மேடையில் நிற்க, ஆண்கள் காசு கொடுத்து ஏறி எதிரே ஆடினார்கள். வடக்கே எல்லைக்கு அப்பால், பிற்காலத்தில், ராம்வோங் சந்தைத் திடல்களிலும் ஆண்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பெண்களோடு வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். ஆனால் இந்த ஆட்டங்களில் ஒருவரை ஒருவர் தொடுவதில்லை. எதிரெதிரே நெருங்கியும் விலகியும் போவதுதான் ஆட்டம். ரோங்கெங்கில் பந்துன் என்னும் மலாய்ச் செய்யுளைப் பாடி ஒருவரை ஒருவர் சீண்டவும் செய்வார்கள். அணைப்பைக் கட்டாயமாக்காத ஆட்டத்தில் ஜோடி என்பதன் பொருளே மாறிவிடுகிறது.

லயத்துக் களத்துக்கு வருவோம். தோட்டத்துத் தமிழர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டங்களில் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடியாக வேண்டும் என்ற விதி எதிலும் இல்லை. ஒயிலாட்டத்தில் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். காவடி எடுப்பவர் தனியாளாகவே ஆடுவார். கரகமும் அப்படியே. கும்மி பெண்களின் வட்டம்; நால்வர் இருந்தாலும் வட்டம் போடலாம். கோலாட்டத்துக்கு மட்டும் ஜோடி வேண்டும். அதுவும் ஆண்பெண் ஜோடி அல்ல. இரட்டைப்படை எண்ணிக்கை இருந்தால் போதும். உள்வட்டமும் வெளிவட்டமும் எதிர்த்திசையில் நகர, ஒவ்வொரு தாளத்துக்கும் எதிரே நிற்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வகைகளும் கோலாட்டத்தில் உண்டு. அந்த வகையில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரும் நிராகரிக்கப்படுவதுமில்லை. களத்தில் இறங்கிய ஒவ்வொருவரும் எதிர்வட்டத்தில் உள்ள ஒவ்வொருவரின் கோலையும் ஒருமுறையாவது தட்டிவிடுகிறார்கள். டாங்கோக் கூடத்தில் நாற்காலியில் காத்திருக்கும் பெண்ணின் வலியை அறிந்த எவரும் இந்த அமைப்பின் அருமையை உடனே உணர்வார்கள்.

ஆண்பெண் உறவையே பொருளாகக் கொண்ட ஆட்டம் கூத்திலும் நாடகத்திலும்தான் நடந்தது. அங்கே பெண்ணாக நின்றவர் ஆண். திருவிழா இரவில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பகலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அதே ஆள் சவுரி வைத்துச் சேலை கட்டிச் சந்திரமதியாகவோ வள்ளியாகவோ வந்து நின்றார். ஸ்திரீபார்ட் என்று அழைக்கப்பட்ட இந்த வேடத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் மேல்ஸ்தாயியில் விடியும்வரை பாட வேண்டும். நடை, கழுத்து, முந்தானையைப் பற்றும் விரல் எல்லாம் கவனமாக அமைய வேண்டும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம் தமிழ் மேடையின் பெரிய ஜோடி ஆட்டம். அதில் தொடுதல் கிடையாது. பாட்டால் மடக்குவதும் மடங்காமல் திருப்பிப் பாடுவதும்தான் நெருக்கம். இரண்டு ஆண்கள் அதை நடத்தியபோது பார்த்திருந்தவர்கள் பார்த்தது வள்ளியையும் முருகனையும்தான்.

இங்கே என்னை மிகவும் தொடுவது கதைகளின் தேர்வு. அரிச்சந்திரன், நல்லதங்காள், பவளக்கொடி, வள்ளி என்று தமிழ் நாடகக்காரர்கள் திரும்பத் திரும்ப ஆடிய கதைகளில் பெண்ணே முதுகெலும்பு. பெண்கள் குறைந்த தோட்டத்தில் ஆண்கள் விடியும்வரை கண்விழித்து ஒரு பெண்ணின் துயரத்தைப் பார்த்தார்கள். பஞ்சத்தால் பிறந்தகம் போய், அங்கும் கதவு அடைபட்டு, ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழும் நல்லதங்காளின் கதை, வறட்சியால் ஊரைவிட்டு வந்து தாயையும் மனைவியையும் கடலுக்கு அப்பால் விட்டிருந்தவனுக்கு என்னவாகப் பட்டிருக்கும்! ஸ்திரீபார்ட் ஆடியவர் அவர்களுக்கு வெறும் மாற்று ஏற்பாடாக இருந்திருக்க முடியாது. அருகில் இல்லாத பெண்களை ஓர் இரவுக்கு நினைவில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்.

பெண்கள் குறைந்ததால்தான் ஆண்கள் பெண்வேடம் போட்டார்கள் என்று எளிதாக முடித்துவிடக் கூடாது. ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாக இருந்த தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் தெருக்கூத்து ஆண்களின் கலைதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். அந்தச் சபையில் வளர்ந்த டி. கே. சண்முகம் பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் ஆனார். கெடாவிலேயே ஜித்ராவை அடுத்த வாங் தெப்புஸ் வட்டாரத்தின் மெக் மூலூங் மலாய் நாடகத்தில் பெண் பாத்திரங்களை மரபாக ஆண்களே ஆடினார்கள். மலாய்க் கிராமங்களில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. மலைத்தொடருக்கு அப்பால் கிளந்தானின் மாக் யோங் நாடகத்தில் நேர்மாறு. அரசன் பாக் யோங்காக வருபவர் பெண். 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்த கலை அது. ஆக, வேடத்தையும் உடலையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்த வட்டாரக் கலைகளுக்கு இயல்பானது. தோட்டத்தின் ஆண்மிகைக் கணக்கு அதை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பழக்கம் அந்தக் கணக்கைத் தாங்கிக்கொண்டது. இலங்கை மலையகத்தின் காமன் கூத்தில் ரதியாக ஆண் வருவதும், போஜ்புரி ஒப்பந்தக் கூலிகளோடு பெண்வேட ஆட்டம் சூரினாமுக்குப் போனதும் இதே வகை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது; அதைக் கொடுத்தவர்கள் பெண்கள். ஆண்கள் ஆண்களோடு ஆடித் தீர்த்துக்கொண்ட களத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களும் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள், பால் சுமந்தார்கள், குறைந்த கூலி வாங்கினார்கள். மூவரில் ஒருவராக இருந்ததால் அவர்கள்மீது பட்ட கண்கள் அதிகம், காவல் அதிகம், சந்தேகமும் அதிகம். வயதுக்கு வந்த பெண்ணைக் கும்மிக்கு அனுப்புவதற்கும் வீட்டார் யோசித்தார்கள். எண்ணிக்கையில் அரிதாக இருந்தால் மதிப்புக் கூடும் என்பது சந்தைப் பொருளுக்குப் பொருந்தலாம். தோட்டத்துப் பெண்ணுக்கு அது பொருந்தவில்லை. ஜோடிப் பஞ்சம் இல்லாத ஆட்டக்களம் என்று நான் பாராட்டும் இடத்தில் பெண்கள் பாதியளவுகூடப் பங்கெடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கணக்கு மெல்ல நேரானதற்கு மூன்று காரணங்கள். 1938 ஜூனில் இந்திய அரசு உதவி பெற்றுப் போகும் கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியது. தனி ஆண்களின் வரத்து அற்றது. லயத்தில் பிறந்த பிள்ளைகளில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம். மூன்றாவது காரணம் கொடுமையானது. 1942-43இல் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காத்திருந்தார்கள். அதே ஆண்டுகளில்தான் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து, பொதுத்திடலில் அணிவகுத்து நடந்தார்கள். போருக்குப் பிறகு, 1946-47இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை ஒட்டி எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று போலீசாரோடு மோதியது. குடித்துவிட்டு வந்த ஆண்களின் கூட்டமாக இருந்த திருவிழாக் களத்தைக் குடும்பங்கள் அமரக்கூடிய இடமாக மாற்றியதில் இத்தகைய சீர்திருத்த இயக்கங்களுக்குப் பங்குண்டு என்று கருதுகிறேன். 1957 கணக்கெடுப்பில் இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 750 பெண்கள் இருந்தார்கள்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன, அல்லது வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தார்கள். 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தந்தன. ஆட்டக்களத்திலும் கணக்குப் புரண்டது. பரத வகுப்புகளில் பெண் பிள்ளைகளே நிறைந்திருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் இராமனாகவும் கண்ணனாகவும் வருபவர்கள் பெரும்பாலும் சிறுமிகள். பையன்கள் உறுமி மேளத்துக்குப் போய்விடுகிறார்கள். தைப்பூசத்தன்று சுங்கை பட்டாணிச் சாலைகளில் உறுமியின் அதிர்வுக்கு ஆடும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தால், தமிழ்ப் பையனுக்கு ஆட விருப்பமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டம் ஒன்றாகக் குறுகியிருக்கிறது.

சிறுமி இராமனாக வருவதில் எந்தக் குறையும் இல்லை. அன்று ஆண் சந்திரமதியாக வந்ததன் மறுபக்கம் அது. நம் மரபு தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. அன்று சேலை கட்டியவரைத் தோட்டம் கலைஞராக மதித்தது. இன்று சலங்கை கட்ட விரும்பும் பத்து வயதுப் பையனைக் கேலி செய்கிறோம். ராம்லி இப்ராஹிம் 1983இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி உலக மேடைகளில் ஆடிய நாடு இது. 1981இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண் ஆடற்கலைஞர்களையும் உருவாக்கி வருகிறது. அந்த முன்மாதிரிகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தெரிகிற அளவுக்குப் பாடாங் செராயில் தெரிவதில்லை.

டாங்கோ உலகம் இதே சிக்கலுக்குக் கண்டிருக்கும் விடை கவனிக்கத்தக்கது. பல நகரங்களின் வகுப்புகளில் இப்போது எல்லாரும் இரண்டு இடங்களையும் கற்கிறார்கள்: நடத்தவும், உடன்செல்லவும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாறுகிறது. பெண் பெண்ணோடும் ஆண் ஆணோடும் ஆடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. பயிற்சிக் கூடத்தில் நூறாண்டுக்கு முன்பு நடந்தது வெளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. நம் கோலாட்டமும் ஸ்திரீபார்ட்டும் சேர்ந்தால் கிடைக்கும் முறைதான் அது. கெடாவின் நடன ஆசிரியர்களும் பள்ளிகளும் இதைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழக்கும்போது பையன்களையும் பெண்களையும் ஒரே வட்டத்தில் நிறுத்தலாம். பரத வகுப்பில் இராமனையும் சீதையையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வகுப்புக்கு வரத் தயங்கும் பையனிடம் அவன் தாத்தாவின் தலைமுறையில் பீடோங்கிலும் கூலிமிலும் வள்ளியாக நின்றவர்களைப் பற்றிச் சொல்லலாம். அந்தக் கூத்தைப் பாயில் உட்கார்ந்து பார்த்த பாட்டிமார் சிலர் இன்னும் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.